1887இல் சிங்கப்பூரிலிருந்து ஆரூ தீவுக்கு ஒரு பாய்க்கப்பல்: கதையில் எங்கே தவறு?

பூன்லே வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தனித்தீவு, வெள்ளைக்காரக் கப்பித்தான், முத்து, துரோகம் என்று போகும் பழைய கடற்சாகசக் கதைகளின் உலகத்தில் ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே மாற்றம், கதையை நகர்த்துபவன் கப்பித்தான் அல்ல, சுக்கான் பிடிக்கும் நாகூர்க்காரன். அந்தக் கதைகளில் ஆசிய மாலுமிகளைக் குறித்த ‘லஸ்கார்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பெயரில்லாமல் அடங்கிப்போனவர்களில் ஒருவன்.

இப்போதைய போக்கு இது. 1887 ஜூலையில் 120 டன் ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல் ஒன்று சிங்கப்பூரில் நங்கூரம் தூக்குகிறது. பத்து நாளில் நியூகினிக்குத் தென்மேற்கே உள்ள ஆரூ தீவுகளின் டோபோ துறைமுகம். அங்கே ஒரு வாரம் வியாபாரம். திரும்பும்போது ஜாவாக் கடலில் சூறாவளி அடித்துக் கப்பல் பவளத்திட்டில் ஏறிவிடுகிறது. கப்பித்தான் பத்தாயிரம் வெள்ளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் தப்பிக்கிறான்.

பயண நாட்கள் சரியா? என்ன சரக்கு கொண்டுபோய் என்ன வாங்கி வருவார்கள்? திட்டில் ஏறிய கப்பலை எப்படி மீட்பார்கள்? கப்பலின் உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொல் போடலாமா, ‘மாஸ்ட்’, ‘டெக்’ என்றே விட்டுவிடலாமா?

அமரம் எழுதியது:

சகோதரி, முதலில் மாதத்தை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. இது நமக்குப் பழக்கமானது. ஆனால் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியதும் கணக்கு மாறிவிடும். டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று, கோட்டைக் கடந்தபின் பூமியின் சுழற்சியால் வளைந்து, ஜாவாக் கடலில் மேற்கு அல்லது வடமேற்குக் காற்றாக வீசும். ஜூலையில் அங்கே தென்கிழக்குக் காற்று. ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வரும் உலர்ந்த காற்று, விடாமல் வீசும். டோபோ இருப்பது சிங்கப்பூருக்குத் தென்கிழக்கில். அதாவது உங்கள் ஸ்கூனர் இரண்டாயிரம் கடல் மைலும் எதிர்காற்றில் போகிறது.

எதிர்காற்றில் போக முடியாதா என்றால், முடியும். ஸ்கூனர் காற்றின் திசைக்கு ஏறக்குறைய 50 பாகை வரை நெருங்கும். சதுரப்பாய் கட்டிய பிரிக் வகைக் கப்பலுக்கு 67 பாகை. அப்படி இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் போகும்போது ஸ்கூனருக்கே தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். அதோடு கப்பல் பக்கவாட்டில் சறுக்கும், நீரோட்டமும் எதிரே தள்ளும். இதற்கு எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

காற்று சாதகமாக இருந்தால்கூடப் பத்து நாள் போதாது. சிங்கப்பூர் முதல் சுலாவெசித் தீவின் மக்காசார் துறைமுகம் வரை சுமார் 1,100 கடல் மைல், அங்கிருந்து டோபோ இன்னொரு 1,000. சராசரி வேகம் மணிக்கு ஐந்து கடல் மைல் என்றால் ஒரு நாளைக்கு 120 மைல். ஓடும் நாட்கள் மட்டும் 17 அல்லது 18. மக்காசாரில் தண்ணீர் பிடிக்கவும் ஆள் சேர்க்கவும் சில நாட்களைக் கூட்டுங்கள்.

எனவே 1887 டிசம்பர் தொடக்கத்தில் புறப்படட்டும். வாடைக்காற்று முதுகில் தள்ளக் கரிமாத்தா நீரிணை வழியே தெற்கே இறங்கி, ஜாவாக் கடலில் மேற்குக் காற்றைப் பிடித்து, ஜனவரியில் டோபோ சேரலாம். திரும்ப வேண்டுமானால் தென்கிழக்குக் காற்று நிலைக்க வேண்டும். மே, ஜூன் வரை காத்திருக்க வேண்டும். இயற்கையாளர் வாலஸ் 70 டன் ‘பராவ்’ என்ற மலாய்ப் பாய்க்கப்பல் ஒன்றில் 1856 டிசம்பரில் மக்காசாரை விட்டு 1857 ஜனவரியில் டோபோ போனார். ஜூலையில் திரும்பியபோது மக்காசார் வரை ஒன்பதரை நாள்தான் ஆனது. ஒரு வார வியாபாரம் என்பது அந்தக் கடலில் கிடையாது. அந்த ஆறு மாதக் காத்திருப்பில்தான் உங்கள் கதை இருக்கிறது.

சூறாவளியையும் எடுத்துவிடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே உருவான வாமெய் புயலை வானிலையாளர்கள் இன்றும் விதிவிலக்காகப் பேசுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஜாவாக் கடல் வெயிலும் சீரான காற்றுமாக இருக்கும். காற்றின் அடி வேண்டுமென்றால் பயணத்தின் கடைசியில், சிங்கப்பூருக்குச் சற்று முன்னால், ‘சுமத்ரா’ என்ற திடீர்ப் புயற்காற்றை வையுங்கள். பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் மேற்கே கரும்பட்டையாக எழும்பி, ஓரிரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். பாயை இறக்கச் சோம்பியவனுக்கு அந்த நேரம் போதும், பாய்மரம் முறிந்துவிடும்.

கிட்டங்கி எழுதியது:

அமரம் அண்ணன் காற்றைச் சொல்லிவிட்டார். நான் சரக்கையும் கடனையும் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கதைகள் பெரும்பாலும் துப்பாக்கியை நம்பின. உண்மையில் அந்தத் தீவுகளை ஆட்டிவைத்தது பேரேடு.

ஆரூவுக்குப் போனவை: துணி, புகையிலை, கத்தி, கோடரி, பீங்கான், சாராயம், துப்பாக்கி, சேகண்டி, சிறு பித்தளைப் பீரங்கி, இவற்றோடு யானைத் தந்தம். தந்தமும் சேகண்டியும் பீரங்கியும் அங்கே பயன்படுத்தும் பொருள்கள் அல்ல. பெண் எடுக்கும்போது கொடுக்கும் பரிசத்தில் சேரும் சொத்து. உங்கள் கப்பித்தான் அது தெரியாமல் கண்ணாடி மணியை மட்டும் ஏற்றிப்போனால் ஆறு மாதம் சரக்கு விற்காமல் கிடக்கும். அங்கிருந்து வந்தவை: முத்துச்சிப்பி ஓடு, கடல் அட்டை, ஆமையோடு, பறவைக்கூடு, சொர்க்கப் பறவையின் தோல். முத்து என்பது சிப்பி ஓட்டு வியாபாரத்தில் எப்போதாவது கிடைக்கும் கூடுதல் லாபம், அவ்வளவுதான். பணம் ஓட்டில்தான் இருந்தது.

வியாபாரம் கைக்குக் கை மாறுவதாக எழுதாதீர்கள். சரக்கை முன்கடனாகக் கொடுத்துவிட்டு, பருவம் முடிவதற்குள் இத்தனை பிக்கல் அட்டை, இத்தனை பிக்கல் ஓடு என்று வாங்குவார்கள். கொடுக்க முடியாதவன் அடுத்த ஆண்டுக்குக் கடனாளி. கப்பித்தானும் கடனாளிதான். சிங்கப்பூரில் ஐரோப்பிய ஏஜென்சிக் கம்பெனிகள் சீன இடைத்தரகர்களுக்குத் தவணையில் சரக்கு கொடுத்தன, அங்கிருந்து கடன் தீவு தீவாக இறங்கியது. செட்டித்தெரு என்று நம்மவர் சொன்ன மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், அவன் வட்டிக்கு வாங்கியதாக வைத்தாலும் பொருந்தும். இந்தச் சங்கிலியின் ஒரு முனையில் தமிழன், மறுமுனையில் அட்டை எடுக்கும் ஆரூக்காரன், நடுவில் உங்கள் சுக்கானி. துரோகம் வேண்டுமானால் இங்கே வையுங்கள்.

அளவை: ஒரு பிக்கல் நூறு கட்டி, இன்றைய கணக்கில் 60 கிலோவுக்குச் சற்று மேல். 40 பிக்கல் ஒரு கோயான். பணம் மெக்சிகோ வெள்ளி. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றத்துக்கென்று சொந்த டாலர் நாணயம் 1903இல்தான் வந்தது. இங்கே நாம் இன்றும் டாலரை ‘வெள்ளி’ என்பது அந்த நாணயங்களால்தான். ஒரு மெக்சிகோ வெள்ளியின் எடை 27 கிராம். பத்தாயிரம் என்றால் 270 கிலோ. தோளில் போட முடியாது. நான்கு ஆள் பல நடை சுமக்க வேண்டும், சிறு படகு என்றால் ஒரு பக்கம் சாயும். வேண்டுமானால் ஆயிரம் வெள்ளி வையுங்கள், 27 கிலோ. அதுவும் ஓட விடாது.

இன்னொன்று. நாணயத்தை வாங்குகிறவன் எண்ணுவதோடு நிறுத்த மாட்டான். காசைச் சோதிக்கும் சராப் கல்லில் தட்டி ஓசை கேட்பார், சீன வியாபாரியின் முத்திரை குத்திய காசைத் தனியே ஒதுக்குவார். அடுக்கடுக்காக முத்திரை விழுந்து தேய்ந்த காசு முகமதிப்புக்குப் போகாது, தராசில்தான் போகும்.

பழந்தாள் எழுதியது:

சிங்கப்பூர்ப் பகுதிக்கு மட்டும் சில திருத்தங்கள்.

கடிகாரம். இப்போது இங்கே சூரியன் ஏழு மணிவாக்கில் உதிக்கிறது. 1887இல் இடத்துக்குரிய நேரம்தான் நடப்பு. கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் முந்தியது, இன்றைய எட்டு மணி அல்ல. எனவே விடியல் ஆறு மணி, மாலையும் ஆறு மணி. கையெழுத்துப் பிரதியில் ‘ஏழு மணிக்கு வெளுத்தது’ என்று எங்காவது இருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தி நீளாது. சூரியன் விழுந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டதாகவும் எழுத வேண்டாம். இங்கிருந்து அது அடிவானத்துக்கு ஒரு பாகை மேலேதான் நிற்கும், மூடுபனியில் தெரியாது. கோட்டுக்குத் தெற்கே சுத்தமாக இல்லை.

துறைமுகம். ஸ்கூனர் கரையோடு அணைந்து நிற்காது. நீராவிக் கப்பல்கள் தஞ்சோங் பகார் துறையில் நிற்கலாம். பாய்க்கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கைத் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏற்றி ஆற்றுக்குள் போட் கீக்குக் கொண்டுவருவார்கள். தொங்கான் ஓட்டிகளில் நம் சோழமண்டலக் கரைக்காரர்களும் உண்டு. ஆட்கள் இறங்குவது 1856இல் கட்டிய ஜான்ஸ்டன் துறையில். நாகூர்க்காரன் கடலுக்குப் போகுமுன் தெலுக் ஆயரில் நாகூர் தர்காவுக்குப் போவான், அது 1830 முதல் அங்கே நிற்கிறது. ஆனால் தர்கா வாசலில் அலை அடிப்பதாக எழுதாதீர்கள். 1879இல் தொடங்கிய நிலமீட்புக்குப் பின் கடல் தள்ளிப்போகத் தொடங்கிவிட்டது.

அடுத்து, கப்பல் யாருடையது? வெள்ளைக்காரனுடையதாகவே இருக்க வேண்டியதில்லை. அதே 1887 ஆகஸ்ட் முதல் அடுத்த ஜனவரி வரை பின்னாளில் நாவலாசிரியரான ஜோசப் கான்ராட் முதல் மேட்டாக, அதாவது கப்பித்தானுக்கு அடுத்த அதிகாரியாக, வேலை பார்த்த ‘விடார்’ என்ற நீராவிக் கப்பல், சிங்கப்பூரிலிருந்து போர்னியோ, சுலாவெசி கரைகளுக்கு ஓடியது. அதன் உரிமையாளர் சிங்கப்பூர் அரபு வணிகர் சையது மொஹ்சின் அல் ஜுஃப்ரி. இத்தகைய நீராவிக் கப்பல்கள் காற்றுக்குக் காத்திராமல் சில வாரங்களில் போய்த் திரும்பின. பாய்க்கப்பல்காரனின் பதற்றம் அதுதான். தன் ஆறு மாதப் பருவத்துக்குள் போட்டிக்காரன் பலமுறை வந்துபோய்விடுவான்.

உங்கள் ஆளின் பேச்சு நடைக்கு, 1887இல் மகுதூம் சாயிபு இங்கே தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழைப் பாருங்கள். அன்றைய கப்பல் வரவு போக்குக்குத் தேசிய நூலகத்தின் இணையப் பழைய நாளிதழ்த் தொகுப்பு போதும். அன்றைய ஆங்கில நாளிதழ்களில் கப்பல் பெயர், டன், கப்பித்தான், எங்கிருந்து, எப்போது என்று பட்டியலே இருக்கும்.

பூன்லே வாசகி எழுதியது:

மிக்க நன்றி. டிசம்பருக்கு மாற்றிவிட்டேன். வெள்ளிப் பை போய்விட்டது, பெட்டி வந்துவிட்டது. சூறாவளி இல்லையென்றால், நல்ல வெயிலில், நல்ல காற்றில் ஒரு கப்பல் ஏன் திட்டில் ஏற வேண்டும்? அதை நம்பும்படி எழுத முடியுமா?

அமரம் எழுதியது:

நல்ல வெயிலில்தான் ஏறும். சூரியன் முதுகுப் பக்கம், உச்சிக்கு அருகில் இருக்கும்போது பாய்மரத்தின் மேலே நிற்பவனுக்குக் கடல் திறந்த புத்தகம். ஆழம் கருநீலம், ஆழம் குறையக் குறையப் பச்சை, திட்டு நெருங்கினால் பழுப்பு. ஆனால் உங்கள் கப்பல் திரும்பும்போது மேற்கே போகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சூரியன் முகத்துக்கு நேரே இறங்கும், தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடாகப் பளபளக்கும். பழுப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. மேலே ஆள் இருந்தும் பயனில்லை.

இடத்துக்கும் வெகுதூரம் தேட வேண்டாம். சுலாவெசிக்குத் தெற்கே, ஃபுளோரஸ் கடலில் தாக்கா போனேராத்தே என்ற பெரிய பவளவட்டம் இருக்கிறது. பழைய வரைபடங்களில் புலித்தீவுகள். மக்காசாருக்குப் போகிறவர்கள் அதற்கு வடக்கே ஒதுங்கிச் செலாயார் நீரிணை வழியே போக வேண்டும். தென்கிழக்குப் பருவத்தில் அங்கே நீரோட்டம் மேற்கே இழுக்கும். மணிக்கு ஒரு மைல் என்று வைத்தாலும், அதைக் கணக்கில் சேர்க்காத கப்பித்தான் பத்து மணி நேரத்தில் தான் நினைத்த இடத்துக்குப் பத்து மைல் முன்னால் இருப்பான். தீர்க்கரேகை கணிக்க உதவும் கடிகாரமான காலமானியும் பிசகியிருந்தால் கேட்கவே வேண்டாம். நான்கு விநாடிப் பிழை, நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல். ஆறு மாதம் டோபோவில் சரிபார்க்க வழியில்லாமல் கிடந்த காலமானி எவ்வளவு பிசகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே உங்கள் நாகூர்க்காரனுக்கு வேலை வருகிறது. ஈயக்குண்டு. ஏழு முதல் பதினான்கு பவுண்டு வரை எடை, கயிற்றில் பாகக் கணக்குக்கு அடையாளம், ஒரு பாகம் ஆறடி. இரண்டு பாகத்தில் இரண்டு தோல் வார், மூன்றில் மூன்று வார், ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்பு, பத்தில் ஓட்டை போட்ட தோல், பதிமூன்றில் நீலம். வெள்ளை பருத்தி, சிவப்பு கொடித்துணி, நீலம் முரட்டுக் கம்பளி என்று துணியே வேறு வேறாக இருக்கும். இருட்டில் நிறம் தெரியாது, அதனால் உதட்டில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் மாட்டுக் கொழுப்பு அடைத்திருக்கும். கடலடி மணலோ சிப்பித்தூளோ அதில் ஒட்டிவரும். பவளத்தில் பட்டால் ஒன்றும் ஒட்டாது, கொழுப்பில் பள்ளம் மட்டும் விழும். ‘பத்தொன்பது, மணல்’ என்று வந்துகொண்டிருந்தது அடுத்த வீச்சில் ‘எட்டு, ஒன்றும் இல்லை’ என்று மாறினால் அவனுக்குப் புரிந்துவிடும். ஆனாலும் பவளவட்டத்தின் விளிம்பு சுவர்போல் எழும்புவது. குண்டு எட்டுச் சொல்லும் நேரத்தில் கப்பலின் முன்பகுதியான அணியம் மூன்றில் இருக்கும். குண்டைப் போட்டும் மோதுவது ஏன் என்று யாராவது கேட்டால் பதில் இதுதான்.

ஏறியபின் முதலில் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும். வற்றும் நீரில் ஏறியிருந்தால் அடுத்த ஏற்றத்தில் வாய்ப்பு உண்டு. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய உச்ச ஏற்றத்தில் ஏறியிருந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம். பாயை உடனே இறக்க வேண்டும், இல்லையென்றால் காற்றே கப்பலை இன்னும் உள்ளே ஏற்றிவிடும். படகை இறக்கிக் கப்பலைச் சுற்றி ஆழம் பார்த்துவிட்டு, சிறு நங்கூரத்தைப் படகின் அடியில் தொங்கவிட்டுப் பின்பக்கம் ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டு, நங்கூர வடமான ஆலாத்தைச் சுருள்யந்திரத்தில் சுற்றி, நீர் உச்சத்துக்கு வரும் அரைமணி நேரம் மட்டும் முழுப்பலத்தோடு இழுக்க வேண்டும். பாரம் குறைக்கத் தண்ணீர்ப் பீப்பாய், அடிபாரக் கல், பிறகு சரக்கு. முத்துச்சிப்பி ஓடுதான் கனமானது, முதலில் அதன்மேல்தான் கை விழும்.

இதில் பெரிய தவறு, அடியில் ஓட்டை எவ்வளவு என்று பார்க்காமல் இழுப்பது. திட்டின்மேல் மூழ்காத கப்பல் ஆழத்துக்குப் போனதும் மூழ்கும். கயிற்றுத் துணுக்குகளைத் தைத்துத் தடித்த பழைய பாயைக் கப்பலின் வயிற்றுக்கு அடியே சுற்றி இழுத்துக் கட்டினால் தண்ணீர் அழுத்தமே அதை ஓட்டையில் ஒட்டவைக்கும். பிறகும் நிம்மதி இல்லை. செப்புத்தகடு கிழிந்த இடத்தில் கப்பல்புழு நுழையும். சில மாதத்தில் பலகை வெளியே முழுதாகவும் உள்ளே தேன்கூடாகவும் ஆகிவிடும்.

பழந்தாள் எழுதியது:

சொற்கள் பற்றி. அணியம், பின்பகுதியான அமரம், ஆலாத்து, பாய் ஏற்றும் ஆஞ்சான், பாய்மரத்தின் குறுக்கே வரும் பருமல், பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று, இவையெல்லாம் நம் கரையில் புழங்கிய சொற்கள். கதைசொல்லியின் குரலில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கப்பல்தளத்தில் கூவும் கட்டளையில் அப்படியே வைத்தால் பொய்யாகிவிடும் என்பது என் எண்ணம். அந்த ஸ்கூனரில் ஏறியவர்கள் மலாய்க்காரர், சுலாவெசியின் பூகிஸ் இனத்தவர், ஜாவாக்காரர். பொதுமொழி மலாய். சுக்கான் பிடிப்பவர் ஜூருமூடி, நங்கூரத்தையும் ஈயக்குண்டையும் கவனிப்பவர் ஜூருபாத்து. உங்கள் ஆள் கட்டளையை மலாயில் கேட்டு, மனத்துக்குள் தமிழில் எண்ணட்டும்.

அமரம் எழுதியது:

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. சுக்கானி, மாலுமிகளின் தலைவருக்குச் செராங், அவருக்கு அடுத்தவருக்குத் தண்டல், சமையல்காரருக்குப் பண்டாரி, இவை வங்காள விரிகுடாவின் எல்லாக் கரையிலும் புரிந்த சொற்கள். தூத்துக்குடித் தோணியை நடத்துபவரும் தண்டல்தான். அவற்றைக் கட்டளையிலும் வைக்கலாம்.

கிட்டங்கி எழுதியது:

சரக்கை வீசும் காட்சிக்கு ஒரு செய்தி சேர்க்கிறேன். சிப்பி ஓடு கடலில் போனபின் கப்பித்தான் கையில் மிஞ்சுவது கடல் அட்டை. அதைக் குடல் நீக்கி, பெரிய இரும்புக் கொப்பரையில் அவித்து, மணலில் புதைத்து மேல் சுண்ணாம்புப் பூச்சு கழன்றதும் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து, புகையிலும் வெயிலிலும் உலர்த்துவார்கள். இராமநாதபுரக் கரையிலும் முன்பு ஏறக்குறைய இதே முறைதான் இருந்தது. பச்சை எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சரியாகக் காய்ந்தது கட்டைபோலக் கிடக்கும், ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’ என்று ஓசை வரும். அடியில் தண்ணீர் ஏறிய கப்பலில் ஓரிரு நாள் இருந்தால் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகும், பூஞ்சை பிடிக்கும், நாற்றம் தளத்துக்கு வரும். சிங்கப்பூரில் சீன வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்துவார். நகம் இறங்கினால் விலை பேசவே மாட்டார். முழு மூட்டையும் திருப்பி வைக்கப்படும், கிட்டங்கியில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.